பல்விட்டத் தனிநபர் ஆயுத அமைப்பு

பல்விட்டத் தனிநபர் ஆயுத அமைப்பு என்பது இந்தியாவில் வடிவமைக்கப்பட்டு, எந்தப் படையிலும் சேர்க்கப்படாமல் போன சோதனைநிலைத் தாக்குதல் துப்பாக்கி ஆகும். மல்ட்டி காலிபர் இன்டிவிஜுவல் வெப்பன் சிஸ்டம் என்னும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது எம்சிஐடபிள்யூஎஸ் எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் (டிஆர்டிஓ) கீழ்ப் புனே நகரில் இயங்கும் படைக்கல ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் (ஏஆர்டிஇ) இதனை உருவாக்கியது. 2014 பிப்ரவரியில் புது தில்லியில் நடைபெற்ற டெஃப்எக்ஸ்போ படைக்கலக் கண்காட்சியில் இது முதன்முதலாகப் பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டது.

ஒரே துப்பாக்கியின் சில பாகங்களை மட்டும் கழற்றி மாற்றுவதன் மூலம் 5.56×45 மிமீ, 7.62×39 மிமீ, 6.8×43 மிமீ ஆகிய மூன்று வகைத் தோட்டாக்களைச் சுடலாம் என்பதே இதன் சிறப்பியல்பு. இந்தியத் தரைப்படை 2011இல் வெளிநாட்டு நிறுவனங்களிடம் கேட்ட துப்பாக்கியும் ஏறத்தாழ இத்தகையதே. ஐந்து ஆண்டுகளுக்குள் தரைப்படையின் தேவை வேறொரு தோட்டாவை நோக்கி நகர்ந்துவிட்டது. அந்தத் தோட்டா இத்துப்பாக்கியின் உடற்கூட்டில் அடங்காத நீளம் உடையது.

விட்டமும் தோட்டாவும்

துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் சுருக்கமாக "விட்டம்" எனப்படுகிறது. ஆங்கிலத்தில் இதனைக் காலிபர் என்பர். ஒரு துப்பாக்கி எந்தத் தோட்டாவைச் சுடும் என்பதை விட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. 7.62×39, 7.62×51 ஆகிய இரண்டிலும் முதல் எண் ஒன்றே. எனினும் ஒன்றுக்கான துப்பாக்கியில் மற்றொன்றைப் பயன்படுத்த முடியாது. இரண்டாவது எண் தோட்டா உறையின் நீளத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. முதல் எண்ணையும் அப்படியே நம்பிவிட இயலாது: 7.62×39 தோட்டாவின் குண்டு உண்மையில் 7.9 மிமீ அளவும், 7.62×51 தோட்டாவின் குண்டு 7.8 மிமீ அளவும் உடையவை.

வாய்வழி மருந்து இடும் பழைய துப்பாக்கிகளில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் வேட்டைக்கும் பயிர்க் காவலுக்கும் வழங்கிவந்த நாட்டுத் துப்பாக்கிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. உரிமமின்றி இவற்றை வைத்திருப்பது 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி குற்றமாகும். இவற்றில் வெடிமருந்தும் ஈயக் குண்டுகளும் குழல் வாய் வழியாகத் தனித்தனியே இடப்படுவதால், தோட்டா என்ற ஒரு பொருளே கிடையாது. இத்துப்பாக்கிகளுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. கைவேலைப்பாட்டில் ஒவ்வொன்றாகச் செய்யப்படுவதால் ஒன்றின் குழல் மற்றொன்றின் கட்டையில் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

படைத்துறைத் துப்பாக்கி இவ்விரண்டிலும் நேர் எதிரானது. அதன் தோட்டா, உறை, வெடிமருந்து, குண்டு ஆகியவை ஒன்றிணைந்த ஒரே பொருள். அந்தத் தோட்டாவின் அளவுக்கு ஏற்ப மூன்று பாகங்கள் அமைந்தாக வேண்டும். தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி அறை முதலாவது. தோட்டாவின் பின்விளிம்பைப் பற்றிப் பிடித்து அறையை மூடும் போல்ட் எனப்படும் பூட்டுத்தண்டு இரண்டாவது. தோட்டாக்களை வரிசையாகத் தாங்கும் மேகசின் மூன்றாவது. ஒரு தொழிற்சாலையில் ஓராண்டு செய்த பாகம், மற்றொரு தொழிற்சாலையில் வேறோர் ஆண்டு செய்த துப்பாக்கியில் அரத்தால் ராவாமல் பொருந்த வேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே படைத்துறைகள் வற்புறுத்தத் தொடங்கிய விதி. கூறுநிலைத் துப்பாக்கி இவ்விதியை மேலும் ஒரு படி நீட்டிக்கிறது. பழுதான பாகத்திற்கு அதே வகைப் புதுப் பாகத்தை இடுவதோடு நில்லாமல், வேறு வகைப் பாகத்தை இட்டுத் துப்பாக்கியின் இயல்பையே மாற்றலாம் என்பது அதன் அடிப்படைக் கருத்து.

பின்னணி

1962 சீனப் போருக்குப் பின் .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளின் இடத்தில் இந்தியத் தரைப்படை 7.62×51 மிமீ தானே நிரப்பும் துப்பாக்கியை ஏற்றது. எஸ்எல்ஆர் என்று அறியப்பட்ட இது பெல்ஜிய எஃப்என் ஃபால் துப்பாக்கியின் வழிவந்தது. ஆற்றல் மிக்கது; ஆனால் நீளமும் எடையும் கூடியது. 1980களில் உலகப் படைகள் பலவும் 5.56×45 மிமீ தோட்டாவுக்கு மாறிய நிலையில், ஏஆர்டிஇ நிறுவனமும் அத்தோட்டாவுக்கு ஒரு துப்பாக்கிக் குடும்பத்தை வடிவமைக்கத் தொடங்கியது. இதுவே இன்சாஸ் எனப்படும் இந்தியச் சிறுபடைக்கல அமைப்பு.

இன்சாஸ் என்ற பெயரின் இறுதியில் உள்ள "அமைப்பு" என்னும் சொல் கவனிக்கத்தக்கது. காலாட்படை வீரருக்கான துப்பாக்கி, இலகு இயந்திரத் துப்பாக்கி, குறுங்குழல் கார்பைன் ஆகிய மூன்றும் இயன்றவரை பொதுப் பாகங்களைக் கொண்டிருக்க வேண்டும் என்பது திட்டம். முதல் இரண்டும் படையில் சேர்ந்தன. கார்பைன் சேரவில்லை. முழு ஆற்றல் கொண்ட 5.56 மிமீ தோட்டாவைக் குறுகிய குழலில் சுடும்போது குழல் வாயில் பெருந்தீப்பொறியும் பேரொலியும் எழும். ஏஆர்டிஇ பின்னர் கார்பைனுக்கென 5.56×30 மிமீ என்னும் சிறு தோட்டாவைக் கொண்ட தனி வடிவமைப்புக்குச் சென்றது. பொதுப் பாகங்கள் என்ற கொள்கை எங்கே முறியும் என்பதற்கு இது இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாடம் எனலாம்.

இன்சாஸ் 1998 குடியரசு நாள் அணிவகுப்பில் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டே கார்கில் போரில் பயன்பட்டது. மலை உச்சிகளின் கடுங்குளிரில் அதன் நெகிழி மேகசின்கள் விரிசல் விட்டன என்றும், துப்பாக்கி இடையிடையே சிக்கிக்கொண்டது என்றும் முறையீடுகள் எழுந்தன. 2005இல் மாவோயியப் படையினருடன் நடந்த மோதலுக்குப் பின் நேபாள இராணுவமும் இத்துப்பாக்கியைக் குறைகூறியது. பல குறைகள் அடுத்தடுத்த பதிப்புகளில் திருத்தப்பட்டன. ஆயினும் படைவீரர்களிடையே இத்துப்பாக்கி பெற்ற பெயர் மாறவில்லை.

இதற்கிடையில் மற்றொரு தோட்டாவும் படைக்குள் நுழைந்திருந்தது. இன்சாஸ் காலம் தாழ்ந்ததால், 1990களின் தொடக்கத்தில் இந்தியா ஏகே வகைத் துப்பாக்கிகளைக் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் உள்ளிட்ட பல இடங்களிலிருந்து பெருமளவில் வாங்கியது. இவை 7.62×39 மிமீ தோட்டாவைச் சுடுபவை. காசுமீரிலும் வடகிழக்கிலும் கிளர்ச்சி எதிர்ப்புப் பணியில் இருந்த படைப்பிரிவுகள் இவற்றையே விரும்பின. நெருங்கிய தூரத்தில் நடக்கும் அத்தகைய மோதல்களில், எதிரியை உடனே வீழ்த்தும் கனமான குண்டு அவர்களுக்குத் தேவைப்பட்டது. 5.56 மிமீ தோட்டாவின் 4 கிராம் குண்டு விரைவாகவும் நேராகவும் செல்லும், 7.62×39 தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 8 கிராம் எடை உடையது, ஆனால் மெதுவானது, தொலைவில் விரைவாகத் தாழ்ந்துவிடும். இவ்வாறு 2000களின் இறுதியில் ஒரே காலாட்படைப் பிரிவு, எல்லைப் பணிக்கு ஒரு துப்பாக்கியையும் உள்நாட்டுப் பணிக்கு மற்றொன்றையும் எடுத்துச்செல்லும் நிலை உருவாகியிருந்தது.

2011 ஒப்பந்தப்புள்ளி

இந்த இரட்டை நிலைக்குத் தீர்வாகத் தரைப்படை 2011 இறுதியில் ஏறத்தாழ 66,000 பல்விட்டத் தாக்குதல் துப்பாக்கிகளுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியது. 5.56×45 மிமீ தோட்டாவை வழக்கமான போருக்கும், குழல் முதலியவற்றை மாற்றி 7.62×39 மிமீ தோட்டாவைக் கிளர்ச்சி எதிர்ப்புக்கும் சுடக்கூடிய ஒரே துப்பாக்கி கேட்கப்பட்டது. எடை 3.6 கிலோகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. மேகசின் இல்லாமலேயே இன்சாஸ் 4.15 கிலோகிராம் எடை கொண்டது என்பதை நோக்க, இரு துப்பாக்கிகளின் வேலையைச் செய்யும் ஒன்று அதைவிட அரைக் கிலோ குறைவாக இருக்க வேண்டும் எனக் கேட்கப்பட்டது புரியும்.

இத்தாலியின் பெரெட்டா, அமெரிக்காவின் கோல்ட், செக் குடியரசின் செஸ்கா சுப்ரயோவ்கா, இசுரேலின் ஐடபிள்யூஐ ஆகிய நிறுவனங்கள் களத்தில் இருந்தன. இப்போட்டி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஏஆர்டிஇ தனது பல்விட்டத் துப்பாக்கியை வெளியே காட்டியது.

வடிவமைப்பு

எம்சிஐடபிள்யூஎஸ் வளிமத்தால் இயங்கி, சுழலும் பூட்டுத்தண்டால் மூடும் வகையைச் சேர்ந்தது. தோட்டா வெடிக்கும்போது எழும் வளிமத்தின் ஒரு சிறு பகுதி குழலின் துளை வழியே எடுக்கப்பட்டு, பூட்டுத்தண்டைத் தாங்கும் பாகத்தைப் பின்னே தள்ளுகிறது. ஏகே, இன்சாஸ், எம்16 என அனைத்தும் பின்பற்றும் பொதுவான முறையே இது. இங்கே புதுமை இயக்கத்தில் இல்லை. வெளித்தோற்றத்தில் இது பெல்ஜியத்தின் எஃப்என் ஸ்கார், அமெரிக்காவின் ஏசிஆர் ஆகிய துப்பாக்கிகளை நினைவூட்டுகிறது. மேல் உடற்கூட்டின் நெடுகிலும் பிகாட்டினி தண்டவாளம் எனப்படும் பற்களுடைய தாங்கி உண்டு. தொலைநோக்கிக் குறிகாட்டி, இரவுநோக்கி, விளக்கு போன்றவற்றை இதில் பொருத்தலாம். குழலுக்குக் கீழே 40 மிமீ கையெறி குண்டு ஏவியையும் இணைக்கலாம். இன்சாஸ் துப்பாக்கியின் தொடக்கப் பதிப்புகளில் இத்தகைய தாங்கிகள் இல்லாததால், ஒவ்வொரு துணைக்கருவிக்கும் தனிப் பொருத்தி செய்ய வேண்டியிருந்தது.

தோட்டா மாற்றத்திற்குக் குழல், பூட்டுத்தண்டு, மேகசின் ஆகிய மூன்றும் மாற்றப்படுகின்றன. உடற்கூடு, விசைத் தொகுதி, தோள்கட்டை, குறிகாட்டி ஆகியவை அப்படியே இருக்கும். மாற்றப்படும் மூன்றும் ஏன் இந்த மூன்றாக இருக்கின்றன என்பதைத் தோட்டாக்களின் அளவுகளே விளக்குகின்றன. 5.56×45 தோட்டாவின் பின்விளிம்பு விட்டம் 9.6 மிமீ, 6.8×43 தோட்டாவில் 10.7 மிமீ, 7.62×39 தோட்டாவில் 11.35 மிமீ. எனவே விளிம்பைப் பற்றும் பூட்டுத்தண்டின் முகப்பு மூன்றுக்கும் வெவ்வேறாக இருந்தாக வேண்டும். 7.62×39 தோட்டாவின் உறை பின்னிருந்து முன்னாக நன்கு குறுகிச் செல்வது. அதனால்தான் ஏகே துப்பாக்கியின் மேகசின் வாழைப்பழம் போல் வளைந்திருக்கிறது. 5.56 தோட்டாவின் உறை அவ்வளவு குறுகாததால் அதன் மேகசினுக்குச் சிறு வளைவே போதும். ஆகவே மேகசினும் பொதுவாக இருக்க முடியாது.

மூன்று தோட்டாக்களுக்கும் பொதுவாக உள்ள ஓர் அளவே இத்துப்பாக்கியைச் சாத்தியமாக்கியது. குண்டின் முனையிலிருந்து உறையின் அடி வரை 7.62×39 தோட்டா 56 மிமீ நீளமும், 5.56×45 தோட்டா 57.4 மிமீ நீளமும் உடையவை, 6.8×43 தோட்டாவும் இதே அளவை ஒட்டியது. எனவே மேகசின் நுழையும் வாய், பூட்டுத்தண்டு பின்னோக்கி ஓடும் தூரம், வெற்று உறை வெளியேறும் சாளரம் ஆகியவற்றை ஒரே அளவில் அமைக்கலாம். உடற்கூட்டின் நீளத்தைத் தீர்மானித்தது இந்த 58 மிமீக்கு உட்பட்ட எல்லையே. கட்டுரையின் பிற்பகுதியில் வரும் நிகழ்வுகளுக்கு இந்த எண் முக்கியமானது.

மூன்றாவது தோட்டாவான 6.8×43 இந்தியப் படைகளில் ஒருபோதும் பயன்பட்டதில்லை. ஆப்கானித்தான் போரின் தொடக்க ஆண்டுகளில், 5.56 குண்டின் வலிமை போதவில்லை எனக் கருதிய அமெரிக்கச் சிறப்புப் படையினர் சிலர் ரெமிங்டன் நிறுவனத்துடன் சேர்ந்து இதனை உருவாக்கினர். எம்16 வகைத் துப்பாக்கியின் உடற்கூட்டிலேயே அடங்க வேண்டும் என்பதற்காக இதன் மொத்த நீளம் 5.56 தோட்டாவை ஒட்டி அமைக்கப்பட்டது. குண்டின் எடையில் இது 5.56க்கும் 7.62×39க்கும் இடைப்பட்டது. அமெரிக்கத் தரைப்படை இதனை ஏற்கவில்லை. 2011 ஒப்பந்தப்புள்ளியிலும் இத்தோட்டா கேட்கப்படவில்லை. நாளை இப்படியொரு தோட்டா தேவைப்பட்டாலும் துப்பாக்கியை மாற்ற வேண்டியதில்லை என்று காட்டுவதற்கு இது பயன்பட்டது. இந்தியாவில் இத்தோட்டாவைச் செய்யும் ஆலையோ, வாங்கும் படையோ இல்லாதபோது இதற்கான உழைப்பு எவ்வளவு பயனுடையது என்பது கேள்விக்குரியது.

கூறுநிலை அமைப்பின் விலை

கண்காட்சி மேசையில் ஒரு துப்பாக்கியின் குழலைச் சில நிமிடங்களில் மாற்றிக் காட்டுவது எளிது. படைப்பிரிவில் அதனை ஆண்டுக்கணக்கில் நடத்துவது வேறு. எம்சிஐடபிள்யூஎஸ் மட்டுமன்றி இவ்வகைத் துப்பாக்கிகள் அனைத்தும் சந்திக்கும் சிக்கல்கள் சில உள்ளன.

முதலாவது எடை. எல்லாத் தோட்டாக்களுக்கும் பொதுவான பாகங்கள், அவற்றுள் மிகப் பெரிய தோட்டாவின் தேவைக்கே அமைய வேண்டும். 7.62×39 தோட்டாவின் அகன்ற விளிம்பை ஏற்கும்படி பூட்டுத்தண்டின் முகப்பைக் குடைந்தால் அதன் சுவர் மெலியும். மெலியாதிருக்கத் தண்டைப் பருமனாக்க வேண்டும். தண்டு பருத்தால் அதைத் தாங்கும் பாகமும் உடற்கூடும் பருக்கும். விளைவாக, 5.56 தோட்டாவை மட்டும் சுடும் வீரர், தான் பயன்படுத்தாத மற்றொரு தோட்டாவுக்கான உலோகத்தையும் சேர்த்தே சுமக்கிறார். உடற்கூட்டில் அலுமினியக் கலவையும் நெகிழியும் பயன்படுத்தி இந்த எடையை ஓரளவு மீட்கலாம். குழலும் பூட்டுத்தண்டும் எஃகாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது குறி. குழலை மாற்றியதும் குண்டு விழும் இடம் மாறிவிடும். குறிகாட்டி உடற்கூட்டின் மேல் அமர்ந்திருக்க, புதுக் குழல் முன்னதைவிட மயிரிழை சாய்ந்து பொருந்தினாலும் 300 மீட்டர் தொலைவில் அது பெரும் விலகலாகும். அத்துடன் 7.62×39 குண்டின் பாதை 5.56 குண்டின் பாதையைவிட வளைந்தது. ஆகவே ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் சுடுதளத்திற்குச் சென்று சில தோட்டாக்களைச் சுட்டுக் குறியைச் சரிசெய்ய வேண்டும். போர்க்களத்தில் இது இயலாது. எனவே நடைமுறையில் தோட்டா மாற்றம், ஒரு படைப்பிரிவு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பணி மாறும்போது ஆயுதக் கிடங்கில் படைக்கல வினைஞர் செய்யும் வேலையாகவே அமையும்.

மூன்றாவது சிக்கல் கணக்கு வைப்பது. வடிவமைப்பாளர்கள் இதனை எளிதில் மறந்துவிடுவர். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கூடுதலாக ஒரு குழல், ஒரு பூட்டுத்தண்டு, பல மேகசின்கள் என்றால், 66,000 துப்பாக்கிகளுக்கு 66,000 உதிரிக் குழல்களைக் கிடங்கில் வைத்து, துருப்பிடிக்காமல் காத்து, எண்ணிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு துப்பாக்கியின் பூட்டுத்தண்டு தவறுதலாக வேறொரு குழலுடன் சேர்ந்தால், தோட்டாவுக்கும் பூட்டுத்தண்டுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி மாறக்கூடும். அது வரம்பை மீறினால் உறை வெடித்து வீரருக்குக் காயம் நேரும். இரு வகைத் தோட்டாக்களும் ஒரே கிடங்கில் இருக்கும்போது தவறான தோட்டா வழங்கப்படும் அபாயமும் உண்டு. இத்தனைக்கும் உதிரிக் குழலுக்கும் பூட்டுத்தண்டுக்கும் ஆகும் செலவு, மலிவான ஒரு முழு ஏகே துப்பாக்கியின் விலையிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. இரு பணிகளுக்கு இரு துப்பாக்கிகள் என்ற பழைய முறை, தாளில் தோன்றுவது போல அவ்வளவு வீணானதன்று.

பிற நாடுகளின் முயற்சிகள்

கூறுநிலைத் துப்பாக்கியின் முன்னோடியாக ஸ்டோனர் 63 குறிப்பிடப்படுகிறது. எம்16 துப்பாக்கியின் மூலவடிவை உருவாக்கிய யூஜின் ஸ்டோனர் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேடிலாக் கேஜ் நிறுவனத்தில் இதனை வடிவமைத்தார். ஒரே உடற்கூட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பாகங்களை மாற்றினால் துப்பாக்கி, கார்பைன், மேகசின் ஊட்டும் இயந்திரத் துப்பாக்கி, பட்டி ஊட்டும் இயந்திரத் துப்பாக்கி எனப் பல வடிவங்களைப் பெறலாம். இங்கே மாறியது தோட்டா அன்று, துப்பாக்கியின் பணி. 1967இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் ஒரு கம்பெனி வியட்நாமில் இதனைச் சோதித்தது. கடற்படையின் சீல் சிறப்புப் படையினர் இதன் பட்டி ஊட்டும் வடிவத்தை விரும்பிப் பயன்படுத்தினர். கவனமான பராமரிப்பு தேவைப்பட்ட இது, சில ஆயிரங்களுக்கு மேல் உற்பத்தியாகவில்லை. சீல் வீரர்கள் ஒரே வடிவத்தையே வைத்துக்கொண்டனர் என்பதும், களத்தில் வடிவ மாற்றம் செய்ய எவருக்கும் தேவை எழவில்லை என்பதும் பின்வந்த வடிவமைப்பாளர்கள் அறிந்திருக்க வேண்டியவை.

ஜெர்மனியின் ஹெக்லர் உண்டு கோக் நிறுவனம் அமெரிக்கத் தரைப்படைக்காக 2002 முதல் உருவாக்கிய எக்ஸ்எம்8 துப்பாக்கியும், குழலை மாற்றிக் கார்பைன், குறிசுடும் துப்பாக்கி முதலிய வடிவங்களைப் பெறுவது. இத்திட்டம் 2005 அக்டோபரில் கைவிடப்பட்டது.

எஃப்என் ஸ்கார் வேறு விதமாக முடிந்தது. அமெரிக்கச் சிறப்புப் படைத் தலைமையகம் 2004இல் இதனைத் தேர்ந்தெடுத்தது. 5.56 மிமீ தோட்டாவுக்குச் சிறிய உடற்கூடு, 7.62×51 மிமீ தோட்டாவுக்குப் பெரிய உடற்கூடு என இரண்டு செய்யப்பட்டன. 2010இல் சிறியதை மேலும் வாங்குவது நிறுத்தப்பட்டுப் பெரியது தொடர்ந்தது. பெரிய உடற்கூட்டில் மாற்றுத் தொகுப்பைப் பொருத்தி 5.56 தோட்டாவைச் சுடலாம் என்ற எண்ணமும் அப்போது முன்வைக்கப்பட்டது. நீண்ட தோட்டாவுக்கான கூட்டில் குறுகியதை அடக்கலாம். குறுகியதற்கான கூட்டில் நீண்டதை அடக்க முடியாது. எம்சிஐடபிள்யூஎஸ் இரண்டாவது வகைக் கூட்டைக் கொண்டது.

2011இல் செக் இராணுவம் ஏற்ற சிஇசட் 805 பிரென் துப்பாக்கி, 5.56, 7.62×39 ஆகிய இரண்டுக்கும் மாறக்கூடியது. படையில் ஏற்கப்பட்ட கூறுநிலைத் துப்பாக்கிக்கு இது ஓர் எடுத்துக்காட்டு. அந்த இராணுவமும் இதனை 5.56 மிமீ துப்பாக்கியாகவே பயன்படுத்தியது.

ஏற்கப்படாமை

2015ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பல்விட்டத் துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தப்புள்ளியைப் பாதுகாப்பு அமைச்சகம் இரத்துசெய்தது. போட்டியிட்ட துப்பாக்கிகள் எவையும் நிபந்தனைகளை முழுமையாக நிறைவேற்றவில்லை. நான்கு ஆண்டுகள் வீணாயின. அக்காலம் முழுவதும் காலாட்படை இன்சாஸ் துப்பாக்கியையே தாங்கி நின்றது என்பதே இதன் உண்மையான விலை.

வெளிநாட்டுப் போட்டியாளர்கள் விலகியதால் உள்நாட்டுத் துப்பாக்கிக்கு வழி திறந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. இன்சாஸிலிருந்து வளர்ந்த, முழுத் தானியங்கியான எக்ஸ்காலிபர் என்ற 5.56 மிமீ துப்பாக்கி சிறிது காலம் பேசப்பட்டது. 2016இல் தரைப்படை தனது எண்ணத்தை அடியோடு மாற்றிக்கொண்டது. எதிரியைக் காயப்படுத்தினால் போதும், அவனைத் தூக்கிச் செல்ல மேலும் இருவர் விலகுவர் என்பது 5.56 தோட்டாவுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்டு வந்த வாதம். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் ஊடுருவும் போராளிகளிடம் அது செல்லாது எனவும், ஒரே குண்டில் வீழ்த்தும் துப்பாக்கி தேவை எனவும் முடிவு செய்யப்பட்டது. எஸ்எல்ஆர் காலத்து 7.62×51 மிமீ தோட்டா மீண்டும் வந்தது.

அத்தோட்டாவின் மொத்த நீளம் ஏறத்தாழ 71 மிமீ. எம்சிஐடபிள்யூஎஸ் உடற்கூட்டின் எல்லையைவிட இது 13 மிமீ அதிகம். பின்விளிம்பு 12 மிமீ. குண்டின் ஆற்றல் 5.56 குண்டைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. குழலையும் பூட்டுத்தண்டையும் மாற்றி இதனை ஈடுசெய்ய இயலாது. மேகசின் வாய் முதல் உடற்கூட்டின் நீளம் வரை புதிதாக வரைய வேண்டும்; அப்போது அது வேறொரு துப்பாக்கி ஆகிவிடும். எதிர்காலத் தோட்டா எதுவானாலும் ஏற்கும் என்ற நோக்கில் செய்யப்பட்ட துப்பாக்கி, அடுத்து வந்த தோட்டாவை ஏற்க முடியாததாயிற்று. இதனை வடிவமைப்பாளர்களின் குறையாக மட்டும் கொள்வது முறையன்று. 2011இல் கேட்கப்பட்ட 3.6 கிலோகிராம் எல்லைக்குள் 71 மிமீ தோட்டாவுக்கும் இடம் விட்டிருந்தால், அத்துப்பாக்கி அன்றைய நிபந்தனையிலேயே தோற்றிருக்கும். தோட்டா எது என்பதைப் படை முதலில் முடிவு செய்யாதவரை, எந்தக் கூறுநிலை அமைப்பாலும் அந்த முடிவின்மையை ஈடுகட்ட முடியாது.

திருச்சிராப்பள்ளி

இந்தியாவில் துப்பாக்கிகளை ஏஆர்டிஇ வடிவமைக்க, படைக்கலத் தொழிற்சாலைகள் உற்பத்தி செய்வது நெடுநாள் வழக்கம். மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர், உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் ஆகியவற்றுடன், 1966இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி துப்பாக்கித் தொழிற்சாலையும் இன்சாஸ் காலத்தில் இப்பணியில் ஈடுபட்டது. ஏஆர்டிஇ வடிவமைத்த 40 மிமீ குழலடிக் கையெறி குண்டு ஏவியும் இங்குச் செய்யப்பட்டது.

எம்சிஐடபிள்யூஎஸ் உற்பத்தி நிலையை எட்டாததால் இத்தொழிற்சாலைக்கு அதில் பங்கில்லை. அதே காலப்பகுதியில் இத்தொழிற்சாலை, ஏகே வழிவந்த 7.62×39 மிமீ திருச்சி தாக்குதல் துப்பாக்கியைத் தானே உருவாக்கி, மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கும் மாநிலக் காவல் துறைகளுக்கும் வழங்கியது. ஒரே தோட்டா, பழகிய இயக்கமுறை, குறைந்த விலை எனக் கூறுநிலைக் கருத்துக்கு முற்றிலும் எதிரான துப்பாக்கி இது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, திருச்சிராப்பள்ளி ஆலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

பின்னர்

இச்சாப்பூர் ஆலை செய்த 7.62×51 மிமீ துப்பாக்கி 2017இல் தரைப்படையின் சோதனையில் தேறவில்லை. 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடமிருந்து 72,400 சிக்716 துப்பாக்கிகளை வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. இவை 7.62×51 மிமீ தோட்டாவைச் சுடுபவை. முன்னணிப் படைப்பிரிவுகளுக்கு வழங்கப்பட்டன.

ஏனைய படைவீரர்களுக்கு உருசியாவின் ஏகே-203 தேர்ந்தெடுக்கப்பட்டது. உத்தரப் பிரதேச மாநிலம் அமேதி மாவட்டத்துக் கோர்வாவில் இந்திய-உருசியக் கூட்டு நிறுவனத்தின் வழியே 6,01,427 துப்பாக்கிகளைச் செய்வதற்கு 2021 டிசம்பரில் ஒப்பந்தமானது. இது 7.62×39 மிமீ தோட்டாவைச் சுடுகிறது. இவ்வாறு, ஒரே துப்பாக்கியில் அடக்க முயன்ற இருவகைத் தேவைகளும் முடிவில் இருவேறு துப்பாக்கிகளுக்கே பிரித்தளிக்கப்பட்டன.

ஏஆர்டிஇ தனது முயற்சியைக் கைவிடவில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த திவீபா ஆர்மர் நிறுவனத்துடன் சேர்ந்து அது உருவாக்கிய உக்ரம் என்னும் தாக்குதல் துப்பாக்கி 2024 சனவரியில் வெளியிடப்பட்டது. உக்ரம் 7.62×51 மிமீ என்ற ஒரே தோட்டாவுக்காக வடிவமைக்கப்பட்டது.